கத்தியில் பொறித்த ஊர்ப் பெயர்



நமது இதழில் பருப்பு விலை, எண்ணெய் விலை, வரிக் கணக்கு என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் எழுத எடுத்துக் கொண்டிருப்பது கல்லாப் பெட்டிக்கு மேலே அட்டையில் தொங்கும் மடக்குக் கத்தி. சிறிய சரக்குதான். ஒரு டஜன் அட்டை மூன்று மாதம் தொங்கினாலும் தொங்கும். ஆனால் திரும்பி வந்து வம்பு பண்ணும் சரக்குகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். பருப்பு வேகவில்லை என்றால் வீட்டில் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். கத்தி வெட்டவில்லை என்றால் வாங்கியவர் அதைக் கையில் பிடித்துக் கொண்டே கடைக்கு வருவார்.

கத்தி வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "எந்த நாட்டுச் சரக்கு?" என்பதுதான். நாமும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். ஜெர்மன் என்றால் உசத்தி, சைனா என்றால் மட்டம். நானும் தொழிலுக்கு வந்த முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படிச் சொல்லித்தான் விற்றேன். அதை நிறுத்த வைத்த சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990-ஆம் வருடம். கோட்டாற்றில் என் தகப்பனாரோடு சேர்ந்து இரும்புச் சாமான், கத்தி, கத்தரி மொத்த வியாபாரம் பார்த்து வந்தேன். அந்தக் காலத்தில் இது போன்ற வெளிநாட்டுச் சாமான்களைத் தாராளமாக இறக்குமதி செய்ய வழியில்லை. கப்பல்காரர், பயணி பையில் வந்தது பர்மா பஜாரில் கிடைக்கும். அங்கிருந்து வந்த தரகர் ஒருவர், அலகில் 'சோலிங்கன், ஜெர்மனி' என்று பொறித்த மடக்குக் கத்தி இருபது டஜன் கொண்டு வந்தார். வழக்கமான விலையில் பாதி சொன்னார். ஏன் பாதி விலை என்று நான் கேட்கவில்லை. பில்லும் கேட்கவில்லை.

அதில் மூன்று டஜன் குலசேகரம் பக்கத்துச் சிறு கடைக்காரர் ஒருவருக்குப் போனது. அவருடைய வாடிக்கைக்காரர்கள் ரப்பர் நாற்றுப் பண்ணையில் மொட்டு ஒட்டுகிற தொழிலாளர்கள். கன்றின் பட்டையை நசுங்காமல் கீறித் திறந்து, உள்ளே மொட்டை வைத்துக் கட்ட வேண்டும். கத்தி மழுங்கினால் பட்டை கிழியும், மொட்டு காயும். ஒட்டுப் பிடித்த கன்றுக்குத்தான் கூலி. இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைக்காரர் மஞ்சள் பையில் கத்திகளைப் போட்டுக் கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க ஜெர்மனின்னு சொன்னதத்தான் நான் அவங்ககிட்ட சொன்னேன். இப்ப அவங்க என்னைத்தான் கேக்காங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. மெதுவாகச் சொன்னார். அவருடைய கடையில் மூன்று பேர் பற்று வரவை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்ற கடைகளுக்குப் போனதையும் திருப்பி வாங்கி, எல்லோருக்கும் பணத்தைக் கொடுத்தேன். தரகர் அதற்குப் பிறகு நாகர்கோவில் பக்கம் வரவே இல்லை.

எங்கள் கடை வாசலில் சாணை பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அந்தக் கத்தியை வாங்கி, ஒரு பித்தளைக் கம்பியில் அலகின் விளிம்பைச் சாய்த்து வைத்து லேசாக அழுத்தினார். விளிம்பு வளைந்தது, வளைந்தபடியே நின்றது. "தோய்ச்சலே இல்ல மொதலாளி. ஜெர்மனி பேருல மட்டுந்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். இப்படிப் பெயர் போடுவதில் யாருக்கு யார் குரு என்று தேடிப் பார்க்கும் ஆசை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

ஷெஃபீல்டும் சோலிங்கனும்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊர் பல நூற்றாண்டுகளாகக் கத்தித் தொழிலுக்குப் பேர் போனது. அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-லேயே பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. யார் எந்த முத்திரையைப் போடலாம் என்று பதிவு செய்து வைப்பது அந்தச் சங்கத்தின் முக்கிய வேலை. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ராட்ஜர்ஸ் கத்தி நம் தாத்தா காலத்துக் கடைகளில் இருந்தது. ஷெஃபீல்டு என்ற பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால் மற்றவர்களுக்கு அதன் மேல் கண் விழுந்தது. ஜெர்மனியில் சோலிங்கன் ஊர்த் தயாரிப்பாளர்கள் சிலர், மலிவான வார்ப்பு இரும்புக் கத்திகளில் 'ஷெஃபீல்டு' என்று பொறித்து உலகம் பூராவும் விற்றார்கள். இன்று ஜெர்மன் சரக்கு என்றால் வாயைப் பிளக்கிறோம். 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போன ரூலோ என்ற ஜெர்மன் பேராசிரியர், தம் நாட்டுச் சரக்கைப் பற்றி மலிவு, மட்டம் என்று எழுதி ஊருக்கு அனுப்பினார்.

ஷெஃபீல்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய முறையீடும் முக்கியக் காரணமாக 1887-ல் பிரிட்டனில் வணிகச் சரக்கு முத்திரைச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் பெயரைப் போட்டு ஏமாற்றும்படி வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரக் கூடாது, செய்த நாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆனது. அதே வழியில் 1889-ல் இந்தியாவிலும் ஒரு சட்டம் போட்டார்கள். ஆக, 'மேட் இன் ஜெர்மனி' என்ற வார்த்தை பிறந்தது வாங்குகிறவனை எச்சரிப்பதற்காக. இது ஜெர்மன் சரக்கு, பார்த்து வாங்கு என்று அதற்கு அர்த்தம்.

பிறகு நடந்ததுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம். பெயரை மறைக்க முடியாது என்று ஆனதும், ஜெர்மன்காரர்கள் சரக்கைத் திருத்தினார்கள். இருபது முப்பது வருடத்தில் எச்சரிக்கை வார்த்தை சிபாரிசு வார்த்தையாக மாறிவிட்டது. 1938-ல் சோலிங்கன் என்ற பெயரையே சட்டம் போட்டுக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்த கத்திக்கு மட்டும்தான் அங்கே அந்தப் பெயர் போடலாம். 1880-களில் சோலிங்கன்காரர் சிலர் ஷெஃபீல்டு பெயரைத் திருடினார்கள். நூறு வருடம் கழித்து யாரோ சோலிங்கன் பெயரைத் திருடி என் தலையில் கட்டினார்கள்.

சோலிங்கன் கம்பெனிப் பெயர் இருந்தாலே சோலிங்கனில் செய்தது என்றும் எடுத்துக் கொள்ள முடியாது. மரச் சின்னம் போட்ட போக்கர் கம்பெனி 1869-லிருந்து அங்கே இருக்கிறது. அவர்களுக்கே 'போக்கர் பிளஸ்', 'மேக்னம்' என்று வேறு வரிசைகளும் உண்டு. மேக்னம் சீனாவில் செய்து வருவது. பிளஸ் வரிசையில் பெரும்பாலானவை தைவான், சீனச் சரக்கு. அவர்கள் அதை ஒளிக்கவில்லை. அட்டையில் 'போக்கர்' என்ற பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு ஜெர்மன் சரக்கு என்று விற்பவர் செய்யும் தப்பு அது.

கூர் எங்கிருந்து வருகிறது

நாடு நாடாகப் போவதற்கு முன் இதைத் தெரிந்து கொள்வது நலம். எஃகில் கரியின் அளவு கூடினால் கூர் நிற்கும். குரோமியம் நூற்றுக்கு 13 பங்கு அளவில் சேர்ந்தால் சுலபத்தில் துருப் பிடிக்காது. சீனக் கத்தியில் 3சிஆர்13 என்று பொறித்திருந்தால், கரி சுமார் 0.3 பங்கு, குரோமியம் 13 பங்கு என்று அர்த்தம். 8சிஆர்13 என்றால் கரி சுமார் 0.8 பங்கு. இரண்டும் ஒரே நாடு, ஒரே பளபளப்பு. ஆனால் கூர் நிற்பதில் நிறைய வித்தியாசம் உண்டு. அதே போல 440ஏ-வில் கரி சுமார் 0.7 பங்கு, 440சி-யில் சுமார் 1 பங்கு. எழுத்தே இல்லாமல் வெறும் 440 என்று இருந்தால், விட்டுப் போன எழுத்து எது என்று கொடுத்தவரிடம் கேட்க வேண்டும்.

எஃகு நல்லதாக இருந்து தோய்ச்சல் கெட்டாலும் எல்லாம் போச்சு. கத்தி எஃகைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்து, பிறகு குறைந்த சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு முதல் சூடு 1000 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு குறைந்தால் அலகு மெத்தென்று இருக்கும். கடைசியில் பதம் பார்த்து எடுக்காவிட்டால் கண்ணாடி போல உதிரும். இந்தக் கெட்டித்தன்மையை ராக்வெல் என்ற கணக்கில் அளக்கிறார்கள். நல்ல மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 55-லிருந்து 61-க்குள் இருக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். எவர்சில்வர் டம்ளர் வாங்கும்போது காந்தம் ஒட்டினால் மட்டம் என்று பார்க்கிறார்கள் அல்லவா, அதே காந்தத்தைக் கத்தியிலும் வைத்துப் பார்க்கிறார்கள். கத்தியில் கதை தலைகீழ். தோய்ச்சல் ஏறும் ஸ்டெயின்லெஸ் எஃகில் காந்தம் ஒட்டும். ஒட்டாத டம்ளர் வகைத் தகட்டில் தோய்ச்சலே ஏறாது. நம் கடைக்கு வரும் சரக்கில் காந்தம் ஒட்டாத அலகைப் பார்த்தால் வாங்காதீர்கள்.

நாடுகளும் சரக்கும்

ஸ்விட்சர்லாந்து சிவப்புக் கத்தி எல்லோருக்கும் தெரியும். ஒரு வேடிக்கை என்னவென்றால், ஸ்விஸ் ராணுவத்துக்கு வந்த முதல் மடக்குக் கத்திகள் சோலிங்கனில் செய்தவை. உள்ளூரில் அவ்வளவு எண்ணிக்கை செய்ய அப்போது ஆள் இல்லை. கார்ல் எல்ஸ்னர் என்ற கத்தித் தொழிலாளி உள்ளூர்ப் பட்டறைக்காரர்களைச் சேர்த்துக் கொண்டு 1891-ல் ராணுவத்துக்குச் சரக்கு கொடுக்க ஆரம்பித்தார். இன்றைய விக்டோரினாக்ஸ் அவர் தொடங்கியதுதான். அவர் தாயார் விக்டோரியாவின் பெயரையும், துருப் பிடிக்காத எஃகுக்குச் சொல்லும் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்து வந்த பெயர் அது. அலகின் கெட்டி 56 அளவுதான். ஜப்பான் கத்தியோடு ஒப்பிட்டால் மென்மை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். யாரும் சாதாரணக் கல்லில் தீட்டிக் கொள்ளலாம், விளிம்பு உதிராது. அவர்களுடைய பலம் ஸ்பிரிங்கிலும் பூட்டிலும் இருக்கிறது. முதல் கத்தியும் லட்சமாவது கத்தியும் ஒரே 'டக்' சத்தத்தோடு மூடும்.

பிரான்ஸில் இரண்டு விதமும் பார்க்கலாம். சவாய் மலைப் பகுதியில் 1890-ல் ஜோசஃப் ஒப்பினெல் செய்ய ஆரம்பித்த மரப்பிடிக் கத்தி, மிகக் குறைந்த பாகங்கள் கொண்டது. பிடி, அலகு, ஓர் ஆணி, வளையங்கள். 1955-ல் சேர்த்த சுழலும் வளையம் அலகைப் பூட்டி நிறுத்தும். அளவுக்கு ஓர் எண் உண்டு. 8-ஆம் எண் கைக்கு அடக்கம். கரி எஃகிலும் கிடைக்கும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் கிடைக்கும். கரி எஃகு அருமையாக வெட்டும். ஆனால் நம் கடற்கரைக் காற்றில் இரண்டு நாளில் துரு காட்டும். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி அலகு திறக்க மறுப்பதும் உண்டு. வாங்குகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் கத்தி திரும்பி வராது.

இன்னொன்று லாயோல். தேனீ மாதிரி ஒரு சின்னம் வைத்து அழகாக இருக்கும். லாயோல் என்பது ஒரு கிராமத்தின் பெயர். அந்தப் பெயரைக் கிராமத்துக்காரர்களால் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக் கொள்ள முடியவில்லை. பெரும் பகுதி தியேர் என்ற வேறு ஊரில் செய்யப்பட்டது. பிறகு பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்து அதே பெயரில் விற்றார்கள். நம் ஊரில் எந்தப் பட்டறையில் அடித்தாலும் 'திருப்பாச்சி அரிவாள்' என்று விற்கிறோமே, அந்தக் கதைதான். லாயோல் என்று மட்டும் பார்த்து விலை கொடுக்க முடியாது. செய்தவர் பெயர் வேண்டும்.

ஜப்பானில் செகி என்ற ஊர் வாள் செய்த பரம்பரை. போருக்குப் பிறகு சில காலம் ஜப்பான் சரக்கு என்றாலே மலிவு என்று உலகம் சிரித்தது. என் சிறு வயதில் பெரியவர்கள் அப்படிப் பேசியது எனக்கே நினைவிருக்கிறது. 1980-களில் அமெரிக்கக் கம்பெனிகள் செகியில் கத்தி செய்து வாங்க வரிசையில் நின்றன. அங்கே செய்யும் விஜி-10 எஃகுக் கத்தி 60 கெட்டி நிற்கும். மெல்லிய வேலைக்கு அதை மிஞ்சுவது கஷ்டம். தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் குத்தினால் விளிம்பு உதிரும். அதைக் கத்தியின் குறை என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் பக் கம்பெனியின் 110 என்ற பூட்டுக் கத்தி 1960-களிலிருந்து பேர் பெற்றது. அதே கம்பெனி சில சிறிய கத்திகளைச் சீனாவில் செய்து வாங்கியிருக்கிறது. ஷ்ரேடு என்ற பழைய கம்பெனி 2004-ல் மூடப்பட்டது. பெயரை வேறொருவர் வாங்கி, சீனாவில் செய்த கத்திகளில் பொறித்து விற்றார். தாத்தா வைத்திருந்த ஷ்ரேடும் பேரன் வாங்கிய ஷ்ரேடும் பெயரளவில்தான் உறவு.

இப்போது சீனா. குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்ற ஊர் கத்தி, கத்தரிக்கே பேர் போனது. 2001 ஏப்ரலில் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு நம் கடைகளுக்கு வந்தது, அந்த நாட்டின் அடித்தட்டுச் சரக்கு. விலையைக் குறை, குறை என்று கேட்டு வாங்கியவர்கள் நாம்தான். கேட்ட விலைக்குத் தகுந்த சரக்கைக் கொடுத்தார்கள். அதே நாட்டிலிருந்து அமெரிக்காவில் 200 டாலருக்கு மேல் விற்கும் கத்திகளும் போகின்றன. ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி தன் நாட்டிலும், ஜப்பானிலும், தைவானிலும், சீனாவிலும் கத்தி செய்து வாங்கி, எங்கே செய்தது என்பதை அலகிலேயே பொறித்து விற்கிறது. நான்கு ஊர், ஒரே கம்பெனி. எந்த ஊரில் செய்தாலும் பொறுப்பு ஒருவருடையது. இதை நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

பாகிஸ்தானில் வசீராபாத் பழைய கத்தி ஊர். அங்கிருந்து 'டமாஸ்கஸ்' என்று அலை அலையாகக் கோலம் போட்ட அலகுகள் உலகம் பூராவும் போகின்றன. இரண்டு வித எஃகை அடுக்கி அடித்து, அமிலத்தில் நனைத்தால் அந்தக் கோலம் தெரியும். கோலம் அழகுக்கு. வெட்டுவது தோய்ச்சல். சில மட்டமான கத்திகளில் மேலே அச்சடித்ததே கோலமாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

நம் நாட்டு ராம்பூர்க் கத்தியை இந்திப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். நல்ல கைவேலை, கெட்ட பெயர். 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நீள அலகுக்குத் தடை போட்ட பிறகு தொழில் சுருங்கிவிட்டது. அதையும், பட்டனை அழுத்தினால் பாயும் கத்தியையும் நம்மைப் போன்ற கடைகள் வைக்காமல் இருப்பது நல்லது.

கடையில் செய்யக்கூடிய சோதனை

கெட்டி அளக்கும் மெஷின் நமக்கு வேண்டாம். டஜனில் ஒரு கத்தியை எடுத்துச் செலவு எழுதிவிடுங்கள். முதலில் திறந்து அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆணி சரியில்லை. மூடினால் அலகு நடுவில் உட்கார வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. அடுத்து, புதுக் கத்தி செய்தித்தாளை வெட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்தத் தகரத்தையும் ஒரு தடவை கூர் செய்துவிடலாம். காய்ந்த மூங்கில் குச்சியை ஐம்பது தடவை சீவிவிட்டு, அதே தாளை மறுபடி வெட்டிப் பாருங்கள். அப்போது கிழித்தால் அந்த அட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

சாணைப் பெரியவரின் பித்தளைக் கம்பிச் சோதனை எல்லாவற்றிலும் மேல். விளிம்பைச் சாய்த்து அழுத்தும்போது லேசாக வளைந்து, எடுத்ததும் நிமிர வேண்டும். வளைந்தே நின்றால் தோய்ச்சல் போதாது. உதிர்ந்தால் தோய்ச்சல் மிஞ்சிவிட்டது. துருவுக்கு, எலுமிச்சைச் சாறு தடவி ஒரு ராத்திரி வையுங்கள். கரி எஃகு கறுக்கும், அது இயல்பு. ஸ்டெயின்லெஸ் என்று விற்றது கறுத்தால் பொய். இன்னொன்று, கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிற வழக்கம் நமக்கு உண்டு. நாளானால் அது பிசினாகி மூட்டைப் பிடித்துக் கொள்ளும். மூட்டுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். பழம், காய் நறுக்கும் கத்தியானால் அலகில் படாமல் துடைத்துவிட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இறக்குமதியான பொட்டலச் சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2011 விதிகள். செய்த நாட்டின் பெயரும் வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் அமலில் உள்ளது. 1999-ஆம் வருடத்து வணிகச் சின்னச் சட்டப்படி, செய்த நாட்டைப் பற்றிப் பொய் விவரம் போட்ட சரக்கை விற்பதும் குற்றம். ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பொறித்தவன் யாரோ, நான் விற்றவன்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், இன்னாரிடம் வாங்கினேன் என்று காட்ட முடிந்தால்தான் அந்தச் சட்டம் வியாபாரிக்கு வழி விடுகிறது. 1990-ல் என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.

குலசேகரம் கடையை இப்போது அவருடைய மகன் பார்க்கிறார். இரண்டு வகை எடுக்கிறார். வீட்டு உபயோகத்துக்கு மலிவான சீனக் கத்தி, மொட்டு ஒட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் விலையில் இன்னொன்று. இரண்டிலும் செய்த நாடு எது, எந்த எஃகு என்று என் பில்லில் எழுதிக் கொடுக்கிறேன். அவரும் அதைத்தான் தம் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி விற்கிறார். கோட்டாறு பக்கம் வருகிறவர்கள் தங்கள் அட்டையில் ஒரு கத்தியைக் கையோடு கொண்டு வாருங்கள். பெரியவர் விட்டுப் போன பித்தளைக் கம்பி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, சேர்ந்து பார்த்துக் கொள்வோம்.